கேமரா தூக்கிய ஓவியர்களின் தெருக்கள்: பாரிஸ் நாட்குறிப்பு

ஞாயிறு, இரவு

பாரிஸ் வந்து இறங்கியாகிவிட்டது. இனி ஒரு வாரம் இங்கேதான். தினமும் ராத்திரி அறைக்குத் திரும்பியதும் அன்றைக்குப் பார்த்ததை அன்றைக்கே எழுதிப் போட்டுவிடுவதாக இருக்கிறேன்.

ஏன் இந்தப் பயணம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவள். போன வருடம் எனக்கு ஓவியத்தில் எதுவுமே கூடிவரவில்லை. பேசி முடித்திருந்த தனிக் கண்காட்சியைக் கடைசி நேரத்தில் கைவிட்டார்கள். அந்த வருத்தம் ஆறுவதற்குள் ஒரு பெரிய சுவரோவிய வேலை, அளவெடுத்து மாதிரியெல்லாம் வரைந்து கொடுத்த பிறகு, 'சரிவராது' என்று ஒற்றை வரியில் முடிந்துபோனது. வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அதற்கப்புறம் கித்தான் முன்னால் போய் நின்றால் கை ஓடவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. வெள்ளைக் கித்தான் எல்லாவற்றையும் நம்மிடமே கேட்கும். ஆள் எங்கே, நிற்கிறாரா நடக்கிறாரா, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, பின்னால் சுவரா வானமா. எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லாத மாதங்கள் அவை.

சும்மா கிடந்த ஒரு சின்ன கேமராவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். அங்கே யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. ஆள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார், வெயில் பாட்டுக்குச் சுவரில் சாய்ந்திருந்தது. எங்கே நிற்பது, எப்போது அமுக்குவது, இந்த இரண்டை மட்டும் நான் தீர்மானித்தால் போதும். மூச்சு விட முடிந்தது. அப்படியே வருடம் ஓடிவிட்டது.

இதைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. தெருப் புகைப்படத்தின் பெரிய ஆட்களில் பலர் ஓவியத்தில் தொடங்கியவர்கள், அதிலும் பலர் இந்த ஊரில் நடந்தவர்கள். அவர்கள் நின்ற இடங்களில் போய் நிற்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

திங்கள், ரெப்யூப்ளிக் சதுக்கம்

முதல் மனிதனிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதன்.

புகைப்படம் பிடிக்க ஆரம்பகால முறை ஒன்றைக் கண்டுபிடித்த லூயி தாகேர், முதலில் நாடக மேடைகளுக்குத் திரை வரைந்தவர். அப்புறம் டயோராமா என்று ஒரு காட்சியரங்கம் கட்டினார். பிரம்மாண்டமான ஓவியத் துணிகள், அவற்றின் மேல் விழும் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பகலை இரவாக்கிக் காட்டுவது. அந்தக் கட்டடம் இன்றைய ரெப்யூப்ளிக் சதுக்கத்தை ஒட்டி இருந்தது. 1838-இல் அதன் உயரமான ஜன்னல் ஒன்றிலிருந்து புல்வார் து தாம்ப்ள் தெருவை வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதிவு செய்தார். பட்டப்பகல், வண்டியும் கூட்டமுமாக எப்போதும் நெரிசலான தெரு. ஆனால் தகட்டில் தெரு வெறிச்சென்று இருக்கிறது. பல நிமிடங்கள் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருந்ததால் நகர்ந்ததெல்லாம் பதியாமல் கரைந்துவிட்டது. கீழே இடது மூலையில் ஒருவர் மட்டும் தப்பித்தார், காலைத் தூக்கி வைத்துக் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்றவர். அவர் காலடியில் மங்கலாக, பாலிஷ் போடுகிறவர். அசையாமல் நின்றதால் மட்டுமே வரலாற்றில் இடம்பிடித்த இரண்டு பேர், யாரென்று யாருக்கும் தெரியாது.

1839 மார்ச்சில் தாகேரின் தகடுகளைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் சாமுவேல் மோர்ஸ். தந்தி மோர்ஸ்தான். ஆள் இல்லாத தெருவும் பாலிஷ் போட்டுக்கொள்ளும் மனிதரும் அவரை எப்படி வியக்க வைத்தார்கள் என்று அப்போதே ஊருக்குக் கடிதம் எழுதினார். மோர்ஸும் ஓவியர்தான், பல வருடம் அதையே தொழிலாகச் செய்தவர். வாஷிங்டன் கேப்பிடல் கட்டடத்தின் வட்ட மண்டபத்துக்குப் பெரிய ஓவியம் வரையும் வாய்ப்பு தனக்கு வரும் என்று நம்பியிருந்தார். 1837-இல் அது கை நழுவியது, அதோடு தூரிகையை வைத்துவிட்டார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. தகடுகளைப் பார்த்த மறுநாள், மோர்ஸின் தந்திக் கருவியைப் பார்க்கத் தாகேர் போயிருந்த நேரத்தில், டயோராமா தீப்பிடித்து எரிந்துபோனது. இரண்டு ஓவியர்கள், இருவருக்கும் ஓவியத்தில் அடி விழுந்தாகிவிட்டது, இருவர் கையிலும் உலகத்தை மாற்றப்போகிற ஒரு கருவி. நியூயார்க் திரும்பிய மோர்ஸ் தாகேரின் முறையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

தாகேர் எடுத்த தெருவின் ஒரு பகுதியை 1862-இல் இடித்து இந்தச் சதுக்கத்தை விரித்தார்கள். நடுவில் பிரெஞ்சுக் குடியரசின் உருவகமான மாரியான் சிலை, சுற்றிலும் ஸ்கேட்போர்டு ஓட்டும் பிள்ளைகள். சிலையடிக் கல்விளிம்பில் கேமராவை வைத்து, லென்ஸுக்கு முன்னால் அடர்த்தியான கறுப்பு ஃபில்ட்டர் போட்டு, 8 விநாடி திறந்து வைத்தேன். ஓடின பிள்ளைகளெல்லாம் புகையாகப் போனார்கள். ஒரே ஒரு பையன் தரையில் உட்கார்ந்து பலகையைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தின் நட்டை ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் மட்டும் முழுசாக விழுந்திருக்கிறான், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸின் நூல் வரைக்கும். 180 வருடத்துக்கு மேல் ஆகியும் அதே கணக்குதான் நடக்கிறது.

செவ்வாய், கம்பாஞ் ப்ரெமியர் தெரு

இங்கே அக்டோபரில் காலை 8 மணிக்கு மேல்தான் விடிகிறது. இருட்டிலேயே கிளம்பி ராஸ்பாய் மெட்ரோவில் இறங்கினேன். புகைப்படக்காரர் யூஜீன் அட்ஜே அப்படித்தான் கிளம்புவாராம், ஊர் எழுந்திருக்கும் முன்பே.

கம்பாஞ் ப்ரெமியர் தெரு 17 பிஸ். சுவரில் அவர் பெயர் போட்ட பலகை இருக்கிறது. 1890-களின் கடைசியிலிருந்து 1927-இல் சாகும்வரை இங்கேதான் இருந்தார். சின்ன வயதில் பெற்றோரை இழந்தவர், நாடக நடிகராக ஊர் ஊராகச் சுற்றினார், அது நிலைக்கவில்லை. ஓவியமும் முயன்று பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. கடைசியில் 'ஓவியர்களுக்கான ஆவணங்கள்' என்று வாசலில் எழுதிப் போட்டுப் படம் எடுத்து விற்றார். மரப்பெட்டிக் கேமரா, 18க்கு 24 செ.மீ. கண்ணாடித் தகடுகள், முக்காலி, அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு பழைய பாரிஸின் கதவுகள், படிக்கட்டுகள், கடை ஜன்னல்கள், பொருள் விற்றுத் திரிந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் படங்களில் மேல் மூலைகள் இருண்டு வளைந்திருக்கும். உயரமான கட்டடத்தைச் சாயாமல் எடுக்க லென்ஸை மேலே தூக்குவார், அதனால் தகட்டின் மூலைக்கு வெளிச்சம் எட்டாது. அதை அவர் வெட்டவில்லை. அந்த இருண்ட மூலைகள் எனக்கு மிகவும் பிடிக்கும், வேலை செய்தவரின் கை தெரிகிற மாதிரி.

1912 ஏப்ரல் 17 அன்று சூரிய கிரகணம். பாஸ்டீய் சதுக்கத்தில் ஒரு கூட்டம் கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கிறது. அட்ஜே கிரகணத்தை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தை எடுத்தார். தெருப் புகைப்படம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன். 1926-இல் சர்ரியலிஸ்டுகளின் பத்திரிகை அட்டைக்கு அதைக் கேட்டு வாங்கினார் இதே தெருவில் குடியிருந்த புகைப்படக் கலைஞர் மேன் ரே. அட்ஜே சம்மதித்தார், தன் பெயரைப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். இவை வெறும் ஆவணங்கள் என்பது அவர் கட்சி. அவர் செத்த மறுவருடம் பெரனிஸ் ஆபட் என்ற அமெரிக்கப் பெண் அந்தத் தகடுகளை வாங்கிப் பத்திரப்படுத்தாமல் இருந்திருந்தால் இவ்வளவு பேசுவோமா தெரியாது.

தெருவோரத்தில் ஒரு காட்சி. நடைபாதை விளிம்பில் ஒரு குழாய்வாயிலிருந்து தண்ணீர் பெருகிக் காலுக்கடியில் ஓடுகிறது. அதைத் திருப்பிவிடப் பழைய கம்பளத் துண்டைச் சுருட்டிக் கயிறு கட்டி அணை போல் போட்டிருக்கிறார்கள். பச்சை உடுப்புப் போட்ட துப்புரவுக்காரர் பச்சை விளக்குமாறால் இலைச் சருகுகளைத் தண்ணீரோடு தள்ளிக்கொண்டே போகிறார். கம்பளத்தின் பூ வேலைப்பாடு இன்னும் அழியவில்லை, எந்த வீட்டு முன்னறையில் கிடந்ததோ. குனிந்து அதை மட்டும் எடுத்தேன். துப்புரவுக்காரர் நின்று பார்த்துவிட்டு, படம் நன்றாக விழட்டும் என்று கம்பளத்தைக் காலால் லேசாக நேராக்கி வைத்தார்! நான் ஏற்கெனவே எடுத்துவிட்டேன் என்று சொல்ல மனம் வராமல் இன்னொன்றும் எடுத்தேன். முதலாவதுதான் நல்ல படம்.

புதன், ஐரோப்பா சதுக்கம்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுவேன். இந்தப் பயணத்தில் நான் மிக ஆவலாகக் காத்திருந்த இடம்.

சான் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்டவாளங்களுக்கு மேலே ஒரு பாலம், அந்தப் பாலத்தின் மேலேயே ஒரு சதுக்கம். லண்டன், வியன்னா, மாட்ரிட், கான்ஸ்டாண்டினோபிள் என்று ஊர்ப் பெயர் வைத்த தெருக்கள் நாலா பக்கமிருந்தும் வந்து இங்கே கூடுகின்றன. கீழே ரயில் போகும்போது பாதங்களில் அதிர்வு தெரிகிறது.

ஓவியர் கய்போத் 1876-இல் இந்தப் பாலத்தை வரைந்தார். பெரிய இரும்புச் சட்டங்கள், கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்க்கும் ஒருவர், பார்க்கிறவர் பக்கமிருந்து உள்ளே நடந்து போகும் ஒரு நாய். (அந்த இரும்புச் சட்டங்கள் இப்போது இல்லை, பாலத்தை மாற்றிக் கட்டிவிட்டார்கள்.) அவரே அடுத்த வருடம் இங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் டப்ளின் சதுக்கத்தில் மழைத்தெருவை வரைந்தார். அதில் வலது ஓரத்தில் ஒருவர் முதுகு காட்டிப் பாதியாக வெட்டுப்பட்டு நிற்பார். ஓவியத்தில் யாரை வேண்டுமானாலும் முழுசாக வைக்கலாம், இடத்துக்குப் பஞ்சமில்லை. அவர் வேண்டுமென்றே வெட்டினார், தெருவில் கண் அப்படித்தான் பார்க்கும் என்பதால். அதே 1877-இல் மோனே கீழே நிலையத்துக்குள் ஸ்டாண்டை நிறுத்தி நீராவியை வரைந்துகொண்டிருந்தார். இருவரின் படங்களும் அந்த வருடத்து இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் சேர்ந்தே தொங்கின.

அப்புறம் 1932. புகைப்படக்காரர் ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸான் இந்த இடத்தில் ஒரு பலகை வேலியின் சந்து வழியாக லைக்கா என்ற சின்ன கேமராவை நீட்டினார். தேங்கிய மழைத்தண்ணீர், அதில் கிடக்கும் ஏணியும் வளையங்களும், ஏணியிலிருந்து தாவும் தொப்பிக்காரர், தண்ணீரைத் தொடப்போகும் குதிகால், தொடுவதற்குச் சற்று முன்னால் எல்லாம் நின்றுவிட்டது. பின்சுவரின் சுவரொட்டியில் ஒரு நடனக்காரி அதே மாதிரி தாவுகிறாள். சந்து சிறியது, வேலி ஒரு பக்கம் மறைத்துவிட்டதால் பின்னால் அந்த ஓரத்தை வெட்ட வேண்டி வந்தது. படங்களை வெட்டவே கூடாது என்ற கொள்கைக்காரர் அரிதாக வெட்டிய படம் அது.

இவரும் ஓவியம் படித்தவர். ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம், வடிவக் கணக்கில் மிகக் கறாரான ஆசிரியர் அவர். தன் ஆரம்பகால ஓவியங்களில் பெரும்பாலானவற்றைப் பிரெஸ்ஸான் தானே அழித்துவிட்டார். ஆப்பிரிக்காவுக்குப் போனார், கடும் காய்ச்சலில் சாகக் கிடந்தார், திரும்பி வந்தவர் மார்ட்டின் முங்காச்சி எடுத்த ஒரு படத்தைப் பார்த்தார். தாங்கனீக்கா ஏரி அலைக்குள் மூன்று பையன்கள் ஓடுகிறார்கள். ஒரு கணத்தை இப்படியும் பிடிக்கலாமா என்று அசந்துபோய் மார்செய்யில் லைக்கா வாங்கினார். தமிழ்நாட்டில் பலருக்கு அவரை வேறு வகையிலும் தெரியும். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்தவர் அவர். 14-ஆம் தேதி இரவு 8:47-க்கு வானத்தில் ஒரு ஒளி நகர்ந்து மலைக்குப் பின்னால் போனதைப் பார்த்துக் கடிகாரத்தைப் பார்த்ததாக அவர் சொன்னது ஆசிரமப் பதிவுகளில் இருக்கிறது.

நான் நினைப்பது இதுதான். அவர் அந்த வேலிச் சந்தில் கண்ட ஏணியும் வளையங்களும் சுவரொட்டியும் லோத்திடம் படித்த பாடம் இல்லாமல் கண்ணில் பட்டிருக்காது. ஓவியம் அவரைக் கைவிட்டிருக்கலாம், ஓவியம் பழக்கிய கண் கைவிடவில்லை. இந்த ஒரு வருடத்தில் எனக்கும் அதை உணர முடிகிறது. முதல் சில மாதங்கள் தெருவிலும் கித்தானைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், அழகான சுவர், அழகான நிழல், சுவருக்கு முன்னால் பொருத்தமாக ஒரு ஆள். படங்கள் சுத்தமாக இருந்தன, உயிர்தான் இல்லை. ஆட்கள் நாம் நினைத்த இடத்துக்கு வராமல் போவதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் படங்களில் காற்று வீசியது.

இன்றைக்கு வேலை நடந்த விதம்: 28 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை f/8, ஃபோகஸை 3.3 மீட்டரில் நிறுத்திவிட்டேன். கணக்குப்படி சுமார் 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டின தூரம் வரை எல்லாம் தெளிவு. ஃபோகஸ் பிடிக்கும் நேரம் மிச்சம், கண் தெருவிலேயே இருக்கலாம். பாலத்தின் கைப்பிடி வழியாகக் காலை வெயில் நீள நீளமாகக் கோடு போட்டிருந்தது. ஒரு பெண் செல்லோ பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார், பின்னால் அதே உயரத்துக்கு ஒரு சின்னப் பையன். பெட்டியின் நிழல் பையன் மேல் முழுசாக விழ இரண்டு அடி பாக்கி இருந்தபோது மேகம் மூடிக்கொண்டது. கோடுகள் போயின, நிழல் போனது, அவர்களும் போனார்கள். ஒரு மணி நேரம் நின்றேன், வெயில் திரும்பவில்லை.

வியாழன், லா ஷப்பெல்

மெட்ரோ மேலே தூண்களில் ஓடுகிறது, கீழே தெரு முழுக்கத் தமிழ்ப் பலகைகள். பாரிஸின் ஈழத்தமிழர் கடைத்தெரு இது. ரூ பஜோலில் மாணிக்க விநாயகர் ஆலயம், ஆகஸ்ட் கடைசியில் இங்கே தேர் ஓடும். நான்கு நாள் பிரெஞ்சுக்குப் பிறகு காதில் தமிழ் விழுந்ததும் கேமராவைத் தூக்கவே மறந்து நின்றேன்.

இங்கே படம் எடுப்பது எனக்கு எளிதாக இல்லை, காரணம் சொல்கிறேன். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 9-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் அந்தரங்க வாழ்க்கைக்கு மரியாதை கோரும் உரிமையைத் தருகிறது. பொது இடத்தில் படம் எடுப்பதற்குத் தடையில்லை, அடையாளம் தெரிகிற முகத்தை வெளியிடும்போதுதான் வழக்கு வரலாம். சட்டம் இருக்கட்டும். போரிலிருந்து தப்பி வந்தவர்கள் வாழும் தெருவில் ஒரு முகம் எங்கே போய்ச் சேரும் என்பது எடுக்கிறவரைவிட எடுக்கப்படுகிறவருக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டு எடுத்தால் அது தெருப் புகைப்படமே இல்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இந்தத் தெருவில் அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை.

ஒரு கடை வாசலில் பெரியவர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளைப் பிளேடால் கீறிப் பிரித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"படம் எடுக்கிறீரோ பிள்ளை?"

"ஆமாம் ஐயா. உங்களை ஒன்று எடுக்கலாமா?"

பிளேடைக் கீழே வைத்தார். "எடும். ஆனா என்ர முகம் வேண்டாம். கையை மட்டும் எடும்."

மறுபடி வேலையைத் தொடங்கினார். வலது கை மோதிர விரல் முதல் மூட்டில் வளைந்து நிமிராமல் நின்றது, அதை வைத்தே அட்டையின் மடிப்பை அழுத்தித் தேய்த்தார், அந்த விரல் அதற்காகவே அப்படி ஆனது மாதிரி. அட்டைத் தூசி நகக்கண்களில் பழுப்பாக ஒட்டியிருந்தது. மண்டியிட்டு அரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தேன், ஃபோகஸைக் கையால் திருப்பி. திரையில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ர அப்புவின்ர கை மாதிரிக் கிடக்கு."

போடலாமா என்று கேட்டேன். "போடும், போடும்" என்றார். இந்த வாரத்தின் படம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஓர்சே அருங்காட்சியகம் வியாழக்கிழமைகளில் இரவு 9:45 வரை திறந்திருக்கும். அதுவும் முன்பு ரயில் நிலையம்தான். நேரே மோனேயின் சான் லாசார் முன்னால் போய் நின்றேன். கூரையின் முக்கோணத்துக்குக் கீழே நீலமும் வெள்ளையுமாக ஆவி, ஆட்கள் ஆளுக்கு இரண்டு தீற்றல். தீற்றலுக்கு மேல் தீற்றல் ஏறின இடத்தைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன், சாயம் எவ்வளவு கெட்டியாக இருந்திருக்கும், எந்த அகலத் தூரிகை. ஒரு வருடமாக ஓவியங்களைப் பார்த்தால் மனசு சுருங்கிக்கொள்ளும். இன்று சுருங்கவில்லை. காவலர் வந்து சொல்லும்வரை அங்கேயே இருந்தேன்.

வெள்ளி

காலையில் மின்னஞ்சல். ஒரு கண்காட்சிக்கு இந்த வருடத்துப் படங்களிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தேன், எடுக்கவில்லை. யார் என்று சொல்ல வேண்டாம், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். மதியம் வரை அறையை விட்டு நகரவில்லை. வெளியே விடாத மழை, ஜன்னல் கண்ணாடி பூராவும் நீர்த்தாரை. சால் லைட்டர் நினைவுக்கு வந்தார். 1946-இல் ஓவியராக வேண்டும் என்று நியூயார்க் போனவர், பனி படிந்த கண்ணாடிகளுக்குப் பின்னாலிருந்து சிவப்புக் குடைகளை வண்ணத்தில் எடுத்தார், கேமரா எடுத்த பிறகும் கடைசிவரை ஓவியத்தை விடவில்லை. ஜன்னலோரமே நின்று கொஞ்சம் எடுத்தேன்.

ராத்திரி மழை விட்டதும் கிளம்பினேன். இரவு என்றால் பிராஸாய். புடாபெஸ்டிலும் பெர்லினிலும் ஓவியம் படித்துவிட்டு 1924-இல் இங்கே வந்த ஹங்கேரியர், ஆந்த்ரே கெர்தேஸ் என்ற புகைப்படக்காரரின் தூண்டுதலில் கேமராவுக்கு வந்தவர். சொந்த ஊரான பிராஸோவையே பெயராக்கிக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் முக்காலியோடு ராத்திரி முழுக்கச் சுற்றினார். எக்ஸ்போஷர் நேரத்துக்குச் சிகரெட்தான் கணக்கு, வெளிச்சம் இருந்தால் ஒரு கோலுவாஸ் எரிந்து முடியும் நேரம், இருட்டு கூடினால் அதைவிடத் தடித்த ஒரு போயார் என்று அவரே சொல்லியிருக்கிறார். மழை விட்ட தெருவை அவர் ஏன் அவ்வளவு விரும்பினார் என்பது ஈரக் கல் பாவிய தெருவில் நடந்தால் விளங்கும், ஒரே ஒரு விளக்கு போதும், தரை பூராவும் வெளிச்சம். பான் நெஃப் பாலத்துக்கடியில் நடந்தேன். நடந்ததுதான் மிச்சம், படம் எதுவும் தேறவில்லை. ஆனால் காலையில் இருந்த கனம் போய்விட்டது.

சனி, மெதோன்

ஊருக்கு வெளியே, ஆர்இஆர் 'சி' புறநகர் ரயிலில் மெதோன் வால் ஃப்ளரி. ஆந்த்ரே கெர்தேஸ் 1928-இல் அப்போதுதான் வாங்கிய லைக்காவோடு வந்த இடம். பள்ளத்தாக்கின் குறுக்கே உயரமான கல் வளைவுப் பாலம். அவர் படத்தில் மேலே நீராவி ரயில் ஒன்று கடந்துகொண்டிருக்கிறது, கீழே சரிவான தெருவில் தொப்பி வைத்த ஒருவர் செய்தித்தாள் சுற்றிய தட்டையான எதையோ இடுக்கிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறார். ரயிலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, இருந்தாலும் எதுவோ நடக்கப்போகிறது என்று அடிவயிறு சொல்லும். பொட்டலத்தில் இருந்தது ஓவியமாக இருக்கலாம் என்று பலர் ஊகித்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு அவர் ஒருமுறைக்கு மேல் போயிருக்கிறார், ரயில் இல்லாத அதே காட்சியின் நெகட்டிவும் இருக்கிறது. அதிர்ஷ்டம் என்று நாம் சொல்வதற்குப் பின்னால் திரும்பிப் போன கால்கள் இருக்கின்றன.

பாலம் அப்படியேதான் இருக்கிறது, ரயில்கள் மின்சாரத்தில் அதிகச் சத்தமில்லாமல் போகின்றன. சுற்றிலும் வீடுகள் மாறிவிட்டன. ஒரு நாய்க்காரர், ஒரு தபால்காரி, இரண்டு சைக்கிள். ரயில் வரும்போது தெருவில் ஆள் இல்லை, ஆள் வரும்போது ரயில் இல்லை. மதியத்துக்கு மேல் ஒரு தாத்தா கைவண்டியில் பழைய நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தார், பாலத்தில் ரயில் சத்தம் கேட்டது, தாத்தாவும் ரயிலும் சந்திக்க வேண்டிய விநாடியில் அவர் மூச்சு வாங்க நின்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்! நடுத்தெருவில், கைவண்டியோடு சேர்த்து. ரயில் அவர் தலைக்கு மேலே போனது. நான் காத்திருந்த படம் இது இல்லை, இதை என்னால் கற்பனை செய்து வரைந்திருக்கவும் முடியாது.

ஞாயிறு, ஓத்தெல் து வீல்

நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் காதலர்கள் வரிசையாக வந்து முத்தமிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ராபர்ட் துவானோ 1950-இல் லைஃப் பத்திரிகைக்காக எடுத்த முத்தம். போஸ்டராக உலகம் பூராவும் போன பிறகு, அது நாங்கள்தான் என்று ஒரு ஜோடி வழக்கு போட, 1993-இல் துவானோ உண்மையைச் சொன்னார்: நடிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு ஜோடியைக் கேட்டு, நடக்க வைத்து எடுத்தது. பலருக்கு மனசு உடைந்துவிட்டது. எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் இல்லை. பத்திரிகை கேட்டது காதல், அவர் அதை நேர்த்தியாகச் செய்து கொடுத்தார். ஆனால் ஏற்பாடு செய்து அடுக்குவதென்றால் அதற்கு எனக்குக் கித்தான் இருக்கிறது. அங்கே ஒரு பெண்ணின் கையை எங்கே வைப்பது என்று ஒரு மாதம்கூட யோசிக்கலாம். தெருவில் எனக்கு வேண்டியது நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்காரும் தாத்தா.

மதியம் முழுக்க அறையில் படங்களைப் பிரித்தேன். பெரும்பாலானவை கழிந்தன. கம்பளம், சக்கரத்துப் பையன், பெரியவரின் கை, நாற்காலி, இவற்றை அச்சுப் போடப் போகிறேன். சிறியதாக, கையில் பிடிக்கிற அளவில். பெரியவருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், கடையின் முகவரியைக் குறித்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு விமானம் மாலையில்தான். வானிலை அறிக்கையில் காலை வெயில் என்று போட்டிருக்கிறது. செல்லோப் பெட்டிக்காரரும் பையனும் புதன்கிழமை அந்தப் பாலத்தைக் கடந்தது காலை 8:40 சுமாருக்கு, பள்ளிக்கோ வகுப்புக்கோ போகிற அவசரம் தெரிந்தது, அப்படியானால் திங்களன்றும் வரலாம். 8:15-க்கே போய் நின்றுவிடுகிறேன்.